வாத்து விசிறியும் பத்தி பதினான்கும்

இந்தத் துறையின் அறுபத்திரண்டு ஆண்டு வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்க வேண்டிய நாள் ஒன்று உண்டு. சென்ற ஆண்டு ஜூலை மாதம் ஒன்பதாம் நாள். அன்றுதான் ஒன்பது பேர் கொண்ட உயர்நிலைக் குழு, மூன்றாவது அமர்வில், இரண்டு தேநீர் இடைவேளைகளுக்குப் பிறகு, ஒன்பதாம் எண் தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றியது. "ரகசியப் பிரிவின் கணினியில் வாத்து வடிவிலான சிறு மின்விசிறி ஒன்றைச் செருகிக்கொள்ளலாம். வாத்தின் முகம் மட்டும் கோப்புகளைப் பார்த்து இருக்கக் கூடாது."

அந்தத் தீர்மானத்தை முன்மொழிந்தவரும் இந்த ஆண்டு விழாவின் தலைவருமான இயக்குநர் அவர்களே! வழிமொழிந்த துணை இயக்குநர் அவர்களே! கண்ணை மூடியிருந்தாலும் கையை மட்டும் உரிய நேரத்தில் உயர்த்திய குழுவின் மூத்த உறுப்பினர்களே! அந்த வாத்தின் உரிமையாளரும், ரகசியப் பிரிவின் அதிகாரியும், பூட்டுக்கொரு பூட்டுப் போட்டு அந்தப் பூட்டையும் பெட்டியில் பூட்டும் பழக்கத்தால் நம் அனைவராலும் அன்போடு 'பூட்டு சார்' என்று அழைக்கப்படுபவருமான பெருந்தகையே! முன்வரிசையை முன்கூட்டியே பிடித்துவிட்ட பெரியோர்களே! பிள்ளைகளை அதட்டும் இடைவெளியில் என்னையும் கேட்டுக்கொண்டிருக்கும் தாய்மார்களே! பின்சுவரில் மாட்டியிருக்கும் இலவச சார்ஜ் பலகையின் இருபது துளைகளிலும் கைப்பேசிகளைச் செருகிவிட்டு, அவற்றைப் பிரிய மனமின்றி அங்கேயே நிற்கும் நண்பர்களே! உங்கள் அனைவருக்கும் இந்தத் துறையின் மின்பழுது பார்ப்பவனின் வணக்கம்.

எனக்குத் தரப்பட்ட தலைப்பு 'மின்சாரச் சிக்கனம்'. தரப்பட்ட நேரம் பதினைந்து நிமிடம். நேரம் முடிந்ததும் மணி அடிப்பேன் என்று துணை இயக்குநர் எச்சரித்திருக்கிறார். அடிக்கட்டும். மணி மின்சாரத்தில் இயங்குவது. அதன் பிளக் என் சட்டைப் பையில் இருக்கிறது.

என்ன அண்ணே? சத்தமாகப் பேச வேண்டுமா? இதோ. இப்போது கேட்கிறதா? நன்று. கடைசியில் கேட்கவில்லை என்று யாரும் சொல்லக் கூடாது.

குடும்பத்தோடு வந்திருப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. உங்கள் வீட்டுக்காரரும் வீட்டுக்காரியும் இங்கே என்ன வேலை செய்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. பல ஆண்டுகளாக அவர்களுக்கே தெரியாது. மருந்துக்கடை நடத்த உரிமம் வேண்டும். உரிமம் பெறத் தேர்வு எழுத வேண்டும். அந்தத் தேர்வை நடத்துவது நாம். ஐந்து வினாத்தாள்களை முன்கூட்டியே புத்தகமாக அச்சிட்டு எல்லோருக்கும் தருகிறோம். ஐந்தையும் படித்து வா, ஐந்தில் ஒன்று வரும் என்கிறோம். எந்த ஒன்று என்பதுதான் ரகசியம். அந்த ஒற்றை எண்ணைக் காக்கத்தான் இந்த மூன்று மாடிக் கட்டடம், நான்கு காவலர்கள், ஒரு பூட்டு சார்.

ரகசிய அறையில் ஜன்னல் கிடையாது. இருந்த ஜன்னலுக்கும் செங்கல் வைத்தாயிற்று. கணினிக்கு இணைய இணைப்பு கிடையாது. பென் டிரைவ் செருக முடியாது. ஏன் முடியாது? அந்தப் பெருமை என்னைச் சேரும். யூஎஸ்பி துளைக்குள் நான்கு கம்பிகள் உண்டு. இரண்டு பேசுவதற்கு, இரண்டு மின்சாரத்துக்கு. பேசும் கம்பிகள் இரண்டையும் என் கையாலேயே வெட்டினேன். வெட்டிவிட்டு ஒரு சான்றிதழும் எழுதிக் கொடுத்தேன். "இனி இந்தத் துளைகளில் மின்சாரம் மட்டுமே செல்லும். தகவல் எதுவும் செல்லாது." கீழே என் கையெழுத்து. என் வாழ்நாளில் நான் எழுதிய மிக அழகான இரண்டு வாக்கியங்கள். இரண்டாவது வாக்கியம் பொய் என்பது எனக்கு அப்போது தெரியாது.

ஜன்னல் இல்லாத அறை. உள்ளே இருவர். ஒருவர் பூட்டு சார். இன்னொருவர் பத்தொன்பது ஆண்டுகளாக இங்கே தட்டச்சு செய்யும் நம் தட்டச்சு அக்கா. புழுக்கமோ புழுக்கம். இந்த நேரத்தில்தான் ஒரு தனியார் பயிற்சி நிலையம் நடத்திய குலுக்கலில் பூட்டு சாருக்கு முதல் பரிசு விழுந்தது. அந்தக் குலுக்கலில் எத்தனை சீட்டு இருந்தது என்று பின்னாளில் விசாரித்தேன். ஒன்று.

பரிசு, வாத்து. வயிற்றுக்குள் விசிறி, வாலில் யூஎஸ்பி கம்பி. காற்று வரும்போது தலையை ஆட்டும். குழு கூடியது, ஆராய்ந்தது, என் சான்றிதழைப் படித்தது. மின்சாரம் மட்டும்தானே என்றது. அனுமதித்தது. வாத்து சுவரைப் பார்த்து வைக்கப்பட்டது.

பூட்டு சாருக்கு வாத்தின்மேல் பிரியம். ஒருநாள் அறைக்கு வெளியே பல்பு மாற்றிக்கொண்டிருந்தபோது, அவர் அக்காவிடம் சொன்னதை நானே காதால் கேட்டேன்.

"அக்கா, இங்க பாருங்களேன். வாத்து எவ்ளோ அழகா தலைய ஆட்டுது!"

"அதுக்கு மேல நீங்க ஆட்டுறீங்க சார். மொதல்ல கையெழுத்தப் போடுங்க."

சிரிக்காதீர்கள். கையெழுத்து ஒழுங்காக விழுந்தது. நம் துறையில் எல்லாமே ஒழுங்கு. அந்த ஒழுங்கில் ஓர் ஒழுங்கைச் சொல்கிறேன், கேளுங்கள். தேர்வுக்கு முந்திய ஐந்து வாரமும் பிழை பார்க்க வேண்டும். திங்கள் முதல் தாள், செவ்வாய் இரண்டாம் தாள், புதன் மூன்றாம் தாள், இப்படியே வெள்ளி ஐந்தாம் தாள். காலை பத்தரைக்குத் திறக்க வேண்டும், கடைசிப் பக்கம் வரை புரட்ட வேண்டும், மூட வேண்டும். ஒரு நாளும் மாறியதில்லை. மாறிவிடக் கூடாது என்பதற்காக அந்த அட்டவணையை வாசலிலேயே ஒட்டியும் வைத்திருந்தோம்.

வெள்ளிக்கிழமை தோறும் நீலச்சட்டை போட்ட ஒருவர் வருவார். காவலர் கேட்பார்.

"யார்ப்பா? என்ன விஷயம்?"

"வாத்து சர்வீஸ் சார். பரிசோட ஃப்ரீ."

"ஓ, வாத்தா? போ போ. சார் காத்துக்கிட்டிருக்கார்."

நம் மின்தூக்கிக்குப் பராமரிப்பு ஆண்டுக்கு ஒருமுறை. வாத்துக்கு வாரத்துக்கு ஒருமுறை! உங்களில் யாருக்காவது அப்போது ஏதாவது உறைத்ததா? எனக்கு உறைத்ததா? உறைக்கவில்லை. அதே காவலர் தட்டச்சு அக்காவின் சோற்று டப்பாவை மட்டும் தினமும் திறந்து, கரண்டி விட்டுக் கிளறிப் பார்த்துத்தான் உள்ளே விட்டார்.

தேர்வுக்கு முந்தைய நாள் பூட்டு சார் ஒரு தாளைத் தேர்ந்தெடுத்துத் திறந்தார். நான்காம் தாள். அச்சுக்கு அனுப்பினார், பூட்டினார், பூட்டைப் பூட்டினார். மறுநாள் தேர்வு. முடிவு வந்தது. அந்தப் பயிற்சி நிலையத்தில் படித்த இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் முழு மதிப்பெண். ஒருவர்கூட ஒரு மதிப்பெண் குறையவில்லை. நான்காம் தாளில் வரும் நோய்களுக்கெல்லாம் அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு மருந்து எடுத்துத் தருவார்கள். மற்ற நான்கு தாள்களில் வரும் நோய் உள்ளவர்கள் கடைவாசலில் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

விசாரணை நடந்தது. அறிக்கை வந்தது. அறிக்கையின் பதினான்காம் பத்தியை இதோ வாசிக்கிறேன். இந்தத் துறையின் மிகச் சிறந்த உரைநடை இது. "பழுதுபார்ப்பவரின் சான்றிதழ்படி இயந்திரம் ரகசியத்தை வெளியிட வாய்ப்பில்லை. மின்கம்பி வழியே மின்சாரம் அன்றி வேறெதுவும் செல்லாது. எனவே வெளியிட்டது மனிதர். அறையில் இருந்த மனிதர்கள் இருவர். அவர்களுள் ஒருவர் அதிகாரி. எனவே மற்றவர்."

எவ்வளவு தெளிவு! எவ்வளவு சிக்கனம்! ஒரே ஒரு சொல்லில் ஒரு பெண்ணின் பத்தொன்பது ஆண்டுகளை முடித்துவிட்டது. மற்றவர்!

தட்டச்சு அக்கா நாற்பத்தோரு நாட்களாக இடைநீக்கத்தில் இருக்கிறார். நாளை மறுநாள் திங்கட்கிழமை, காலை பதினொரு மணிக்கு, நிரந்தரமாக நீக்கும் ஆணையில் இயக்குநர் கையெழுத்திட இருக்கிறார். இடைநீக்கத்தில் உள்ளவர் இந்த வளாகத்துக்குள் வரக் கூடாது. ஆனால் இன்று வந்திருக்கிறார். எப்படி? நம் துறை ஜீப் ஓட்டுநரின் மனைவி என்ற தகுதியில்! விதியைப் புரட்டிப் பார்த்தேன், தடை இல்லை. அதோ ஐந்தாம் வரிசையில், மாமியாருக்குப் பக்கத்தில். திரும்பிப் பார்க்காதீர்கள். போதும், எல்லோரும் திரும்பிவிட்டீர்கள். பரவாயில்லை.

தாய்மார்களே, அவரை வெளியே தள்ளியது எது? என் சான்றிதழ். எழுதியது யார்? நான். கையெழுத்திட்டது யார்? நான். கம்பியை வெட்டிவிட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டது யார்? நானேதான். மன்னிப்புக் கேட்கலாம் என்று அவர் வீட்டுக்குப் போனேன். அக்கா தண்ணீர் கொடுத்தார். திட்டவில்லை.

"நான் திருடலன்னு ஊருக்கெல்லாம் சொல்லிக்கலாம் தம்பி. எம் பொண்ணு ஸ்கூல்ல 'தாள் வித்த அம்மா'ன்னு கூப்பிடுறாங்களாம். அவளுக்கு நான் என்ன சொல்ல?"

நான் தலையைக் குனிந்தேன்.

"தலையக் குனிஞ்சா ஆச்சா? கம்பிய வெட்டினது நீ. நீதான் ஒட்டணும்."

அப்போது கூடத்தில் எரிந்த பல்பு ஒரு கணம் மங்கிப் பளிச்சென்றது. மூலையில் துணி மடித்துக்கொண்டிருந்த மாமியார் நிமிராமலே சொன்னார்.

"பக்கத்து வீட்டுல மோட்டார் போட்டுட்டா. இப்பதான் தண்ணி ஞாபகம் வந்திருக்கு மகராசிக்கு."

"உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"பல்பு ஒருக்கா முக்கிட்டு நிமிந்துச்சுல்ல? அது மோட்டாரு. முக்கிட்டு அப்படியே கெடந்தா இஸ்திரிப் பெட்டி, எங்கயோ கெளம்புறாங்க. விட்டு விட்டுத் துடிச்சா மிக்சி. இவ குளிக்கப் போயி ஹீட்டர எப்ப போட்டா, எப்ப அமத்தினா எல்லாம் எனக்கு இங்கேருந்தே தெரியும்."

"அத்தை!" என்றார் அக்கா.

"என்ன அத்தை? இருபத்தஞ்சு நிமிஷம் ஹீட்டரு. நான் ஒருநாளாச்சும் கேட்டேனா? ஏந்தம்பி, நீ என்ன படிச்சிருக்க?"

"டிப்ளமோ எலக்ட்ரிக்கல்மா."

"அதான் தெரியல."

அவையோரே! அந்தக் கூடத்தில் நான் நின்றபோது என் மூன்றாண்டுப் படிப்பு மொத்தமும் அந்தப் பல்போடு சேர்ந்து ஒருமுறை மங்கி எரிந்தது. வீட்டுக்கு வீடு கம்பி ஒன்றே. ஒரு வீடு இழுத்தால் அடுத்த வீடு வாடும். அந்த வாட்டத்தைப் படிக்கத் தெரிந்தவருக்குச் சுவரே தேவையில்லை! கணினி மட்டும் என்ன தனித்தீவா? படம் நிறைந்த தாளைத் திறந்தால் அது அதிகம் இழுக்கும். எழுத்து மட்டும் உள்ள தாளைத் திறந்தால் குறைவாக இழுக்கும். பக்கம் புரட்டப் புரட்டத் துடிக்கும். அந்தத் துடிப்பெல்லாம் எங்கே தெரியும்? அதே மின்சாரத்தைக் குடிக்கும் பக்கத்துத் துளையில் தெரியும். அங்கே யார்? சுவரைப் பார்த்தபடி, தலையை ஆட்டியபடி, நம் வாத்து!

நான் கணினியின் நாக்கை அறுத்தேன். இனி அது பேசாது என்று மார்தட்டினேன். அது மூச்சு வாங்கும் என்பதை மறந்தேன். மாடிப்படி ஏறி வந்தவர் வாயே திறக்க வேண்டாம், மூச்சே சொல்லிவிடும் எத்தனை மாடி என்று.

மறுநாள் வாத்தை அறுத்தேன். பூட்டு சார் பார்க்க மாட்டேன் என்று வெளியே போய்விட்டார். ஒரு விசிறிக்குள் இருக்க வேண்டியவை மூன்று. மோட்டார், சுவிட்ச், கம்பி. இந்த வாத்துக்குள் ஏழு இருந்தன. ஒன்று, மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தை அளப்பது. ஒன்று, அளந்ததை நினைவில் வைப்பது. மற்ற இரண்டும் அவற்றுக்கு ஒத்தாசை. ஐந்து வாரம், திங்கள் முதல் வெள்ளி வரை, ஐந்து தாள்களின் துடிப்பையும் வரிசை மாறாமல் நாமே அதற்குப் பாடம் நடத்தியிருக்கிறோம். எந்தக் கிழமை எந்தத் தாள் என்று வாசலில் எழுதியும் வைத்திருக்கிறோம். கடைசி நாள் ஒரே ஒரு துடிப்பு. அன்று மாலை நீலச்சட்டைக்காரர் சிறப்புச் சர்வீஸுக்கு வந்து போனதாகக் காவலர் பதிவேட்டில் இருக்கிறது. இவ்வளவு நல்ல மாணவன் அந்தப் பயிற்சி நிலையத்தில்கூட இல்லை. தேர்வெழுதாமல் தேர்ச்சி பெற்றது வாத்து ஒன்றுதான்.

ஏழு பாகங்களையும் படமெடுத்து, கோடு கோடாக வரைந்து, அறிக்கையாகக் கொடுத்தேன். என் பழைய சான்றிதழ் தவறு என்றும் எழுதிக் கொடுத்தேன். பதில் வந்தது. "தங்கள் அறிக்கை பெறப்பட்டது. தீர்மானம் ஒன்பதின்படி வாத்து பாதுகாப்பானது. எனவே வாத்து பாதுகாப்பானது. மின்கம்பி வழியே மின்சாரம் அன்றி வேறெதுவும் செல்லாது என்பதைக் குழு மீண்டும் உறுதி செய்கிறது."

குழு உறுதி செய்துவிட்டது! மின்சாரம் இனி என்ன செய்யும்? கட்டுப்பட வேண்டியதுதான்!

மணி அடிக்கவில்லையே என்று துணை இயக்குநர் அழுத்திக்கொண்டே இருக்கிறார். பாவம், விரல் வலிக்கும். ஐயா, விட்டுவிடுங்கள். முடிக்கப் போகிறேன்.

மேடைமேல் தலைவருக்கு முன்னால் ஒரு சிறு வெள்ளைப் பெட்டி இருக்கிறது, பார்க்கிறீர்களா? அதில்தான் தலைவரின் கைப்பேசி சார்ஜ் ஆகிறது. காலையில் அதை வைக்கும்போது அவரிடம் முறையாக அனுமதி கேட்டேன். "ஐயா, உங்க சார்ஜர் கம்பியில இந்த மீட்டர மாட்டிக்கலாமா? எவ்ளோ கரண்ட் போகுதுன்னு பாக்க" என்றேன். "கரண்ட்தானேய்யா. என்னத்த வேணா மாட்டிக்க" என்றார். தாராள மனம். இதே ரகக் கைப்பேசி என் தங்கையிடம் இருக்கிறது. நான்கு நாட்களாக அதை இதே பெட்டியில் மாட்டி, எதைச் செய்தால் எப்படித் துடிக்கிறது என்று குறித்து வைத்திருக்கிறேன். வாத்திடம் கற்ற பாடம்.

இதோ என் கைப்பேசித் திரையில், அந்தப் பெட்டி கோடாக அனுப்பிக்கொண்டே இருக்கும் இன்றைய குறிப்பு. வாசிக்கட்டுமா?

என்ன? வாசிக்கச் சொல்கிறீர்களா? தாய்மார்கள் பக்கம்தான் சத்தம் அதிகம்.

பத்து மணி ஐம்பது, குத்துவிளக்கு இல்லாத நம் எளிய தொடக்கவிழா. கைப்பேசி உறக்கம். பத்து ஐம்பத்தாறு, துணை இயக்குநரின் வரவேற்புரை. வீடியோ. பதினொன்று நான்கு, இறந்த ஊழியர்களுக்கு அஞ்சலி. கைப்பேசி உறக்கம், இதைப் பாராட்டியே ஆக வேண்டும். பதினொன்று ஆறு, ஆண்டறிக்கை. அந்தக் குமிழி உடைக்கும் விளையாட்டு, பதினெட்டு நிமிடம் இடைவிடாமல். ஆண்டறிக்கை எழுதியது யார்? தலைவரேதான். அதில் என்ன இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும் அல்லவா? பதினொன்று முப்பத்திரண்டு, நான் 'பத்தி பதினான்கு' என்று சொன்ன இடம். விளையாட்டு நின்றது. அதற்குப் பிறகு ஒரு குமிழியும் உடையவில்லை.

அமைதி, அமைதி! விசில் வேண்டாம். இது தேர்வுத் துறை.

தலைவர் அவர்களே! உங்களைச் சிறுமைப்படுத்த நான் இதைச் சொல்லவில்லை. என்னைவிடச் சிறியவன் இந்த மேடையில் இல்லை. பொய்ச் சான்றிதழ் என்னுடையது. நான் கேட்பது ஒன்றே ஒன்று. மின்கம்பி வழியே மின்சாரம் அன்றி வேறெதுவும் செல்லாது என்று எழுதினீர்கள். அது உண்மையானால் கம்பி அப்படியே இருக்கட்டும்! இன்னும் பத்து நிமிடம் இருக்கட்டும்! உங்களுக்கு வந்த கடிதங்களைத் திறவுங்கள், படங்களைப் பாருங்கள், வீட்டுக்கு எழுதுங்கள். நான் துடிப்பைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், பார்த்ததை இந்த மைக்கில் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். உங்கள் கம்பியில் ஒன்றுமே போகவில்லை என்றால், உங்களுக்கு என்ன கவலை? உங்கள் கம்பியில் ஏதோ போகிறது என்றால், அந்தப் பெண்ணுக்கு என்ன குற்றம்? கம்பி இருந்தால் பத்தி இருக்கட்டும்! கம்பி போனால் பத்தி போகட்டும், அக்கா வரட்டும்! இரண்டில் ஒன்றை உங்கள் கையே சொல்லட்டும்!

பதினொன்று ஐம்பத்து மூன்று. கோடு பூஜ்யத்தில் இருக்கிறது. தலைவர் கம்பியைப் பிடுங்கிவிட்டார்.

ஏதோ என் காதருகே வந்து சொல்கிறார். "யோவ், போதும்யா. பதினாலாம் பத்திய அடிச்சிடறேன். அந்தப் பொட்டிய எடு மொதல்ல. என் பொண்டாட்டி மூணாவது வரிசையில இருக்கா."

மைக் அணைந்திருக்கிறது என்று தலைவர் நினைக்கிறார். அம்மா, மூன்றாவது வரிசை, வணக்கம்.

பெட்டியை எடுத்துவிட்டேன், தலைவர் அவர்களே. காகிதத்தை இப்படிக் கொடுங்கள். பேனா என்னிடம் இருக்கிறது. முதுகை வேண்டுமானாலும் தருகிறேன், வைத்து எழுதுங்கள்.

நன்றி. பொறுமையோடு கேட்ட பெரியோர்களுக்கும், பொறுமை இழந்தும் கேட்ட பிள்ளைகளுக்கும், கடைசிவரை மணியை அழுத்திய துணை இயக்குநருக்கும், வாத்தை இழந்த பூட்டு சாருக்கும், டிப்ளமோ படிக்காத அந்த ஐந்தாம் வரிசைத் தாய்க்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. அனைவருக்கும் மீண்டும் என் வணக்கம்.

அமர்வதற்கு முன் மூன்று அறிவிப்புகள் இருக்கின்றன.

தட்டச்சராகப் பணிபுரிந்தவரின் இடைநீக்கம் இன்று பகல் பதினொன்று ஐம்பத்தெட்டுக்கு ரத்து செய்யப்பட்டது. திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு அவர் பணிக்கு வர வேண்டும்.

உரிமத் தேர்வு மீண்டும் நடைபெறும். ஐந்து தாள்களையும் படிக்க வேண்டும்.

அரங்கின் பின்சுவரில் உள்ள இலவச சார்ஜ் பலகையில் இப்போது இருபது துளைகள் காலியாக உள்ளன.